முன் சீட்டைக் கெடுத்தது நான்

தீபா, நம் காரின் முன் சீட்டைக் கெடுத்தது நீ இல்லை. நான்தான்! கெடுத்ததோடு நிற்காமல், பழியை உன் தலையில் போட்டேன்.

உன் தம்பியும் இதைப் படிக்கட்டும். நீதான் செய்தாய் என்றே அவனும் இன்றுவரை நம்புகிறான்.

அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. கூடுவாஞ்சேரியில் அந்தப் பழைய காரை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் கழற்றிப் போட்ட சட்டையில் பேனா கசிந்து, ரெக்சின் சீட்டில் நீல மை படிந்துவிட்டது.

"கடையில கேட்டுட்டுத் தொடைங்க" என்றாள் உன் அம்மா.

"எனக்குத் தெரியாததா?" என்றேன். கம்பெனியில் நாங்கள் எதற்கும் தின்னர்தான் போடுவோம். இரும்பில் பெயின்ட், கையில் கிரீஸ்... ஒரே துடைப்பில் போய்விடும். ரெக்சினையும் இரும்பாக நினைத்தேனே, என்ன புத்தி!

மை போனது. கூடவே சீட்டின் நிறமும் போனது. பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. காய்ந்ததும் வெளுத்து, விறைத்து, வெடித்தது.

"யார் வேலைங்க இது?" என்றாள் உன் அம்மா.

"நான் மையை மட்டும்தான் தொடைச்சேன். தீபா நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொட்டிட்டா போல..."

எப்படி வந்தது அந்தப் பொய்? உன் அம்மா முன்னால் ஒரு நாள் தலை குனிந்தால் தேய்ந்தா போயிருப்பேன்?

அவள் உன் காதைத் திருகினாள். உன் சிநேகிதி கொடுத்த நெயில் பாலிஷையும் குப்பையில் வீசினாள்.

"அப்பா, நான் இல்லன்னு சொல்லுங்கப்பா!"

நான் நம்புவேன் என்று நினைத்தாய் நீ... நான் குனிந்து துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அதன்பின் நீ என் பக்கத்தில் உட்காரவே இல்லை. அதற்குமுன் வழியெல்லாம் ஓயாத பேச்சு! "அந்த லாரிக்காரர் மூஞ்சியப் பாருங்கப்பா, பல்லு வலி வந்த மாதிரியே கீது!" சிரிப்பில் எனக்குக் கண்ணீர் வந்துவிடும். இப்போதும் தாம்பரம் நெரிசலில் நிற்கும்போது பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். யாரும் இல்லை. அந்தக் குரல் ஒருமுறை கேட்காதா என்றிருக்கிறது...

போன ஞாயிறு ஐதராபாத்திலிருந்து போன் செய்தாய். உன் மகள் புதுக் காரின் சீட்டில் பேனாவால் கிறுக்கிவிட்டாளாம்.

"எதப் போட்டுத் தொடைக்கிறதுப்பா?"

"தின்னர், பெட்ரோல், ரிமூவர் எதுவும் வேணாம்மா. வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் ஷாம்பு, மெத்துன்னு ஒரு துணி. முதல்ல கண்ணுல படாத மூலையில தேய்ச்சுப் பாரு. துணியில சீட்டு நிறம் ஏறுச்சுன்னா நிறுத்திடு. மை முழுசா போவலன்னாலும் விட்டுடு."

"எப்டிப்பா இவ்ளோ தெரியும்?"

தொண்டைவரை வந்தது தீபா... உண்மையாகவே வந்தது.

"கேள்விப்பட்டதுதான்மா."

"நல்லவேளை, உங்களக் கேட்டேன்" என்றாய்.

அந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?