நெற்றியும் சுருங்கவில்லை

விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு எடுக்க உட்கார்ந்து வாய் கொப்பளித்தேன். நான் துப்புவதற்கு முன்பே தண்ணீர் இடது ஓரமாக வழிந்து மார்பை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி கொப்பளித்தேன். அதுவும் வழிந்தது. முகத்தில் தண்ணீரை அடித்தபோது இடது கண் மூட மறுத்தது. ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். பாதி முகம் என்னுடையதுதான். மறுபாதி ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அலறிவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில், கடலூர் முதுநகரில் என் மாமியார் வீட்டில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் பினாங்கில் கடை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பால் குடிக்கும் மகள் இருந்தாள்.

அலறல் கேட்டுப் பிள்ளை அழுதது. தூக்கப் போனேன். மாமி குறுக்கே வந்து நின்றார்.

"தொடாத. கை இழுத்துக்கிச்சின்னா புள்ளைய கீழ போட்டுடுவ."

அதுவரை எனக்கு வாய்தான் கவலை. கையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. மாமி சொன்ன பிறகு வேறு எதையும் நினைக்கவில்லை.

தெருமுனை டாக்டர் வந்தார். அந்நிய ஆண் முன்னால் முக்காட்டைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். கதவோரம் நின்று கண்ணையும் வாயையும் மட்டும் காட்டினேன். பல்லைக் காட்டச் சொன்னார். காட்டினேன், கோணலாக.

"பாரிசவாயு மாதிரிதான் தெரியுது. மூளையில அடைப்பு இருக்கும். கை காலுக்கு எறங்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க" என்றார்.

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அம்மி அரைக்கும்போது விரலை மடக்கிப் பார்ப்பேன். உட்கார்ந்து கால் மரத்துப்போனால், போச்சு, இறங்கிவிட்டது என்று வியர்த்துக் கொட்டும். பிள்ளைக்குப் பசித்தால் என்னைப் படுக்கவைத்து, மாமி தன் கையிலேயே அவளைப் பிடித்துக்கொண்டு பால் கொடுக்க வைப்பார். வாய் வைக்க மட்டும்தான் நான். பக்கத்துத் தெரு மீன்காரம்மா புறா ரத்தம் தடவச் சொன்னார். ரத்தம் நஜீஸ், அசுத்தம், தொழுகை கூடாது என்று சீறிய மாமி, மறுநாள் தானே புறா வாங்கி வரச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் நான் அதிகம் நடுங்கினேன். மாமியே பயந்துவிட்டார் என்றால் எனக்கு என்ன மிச்சம்?

புறா ரத்தத்துக்கும் முகம் அசையவில்லை. கடைசியில் என் வாப்பா வந்து, சிதம்பரத்தில் நரம்பு வியாதி பார்க்கும் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்றார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியும் ரயிலேறினார்.

அந்த டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். தன் விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார். கூச்சத்தையெல்லாம் விட்டுவிட்டு உயிரைக் கொடுத்து அழுத்தினேன். பிறகு, "முக்காட்ட கொஞ்சம் பின்னால தள்ளும்மா" என்றார்.

"நெத்தியில ஒண்ணுமில்ல டாக்டர், வாய்தான் கோணிக்கிச்சு" என்றார் மாமி.

"எனக்கு நெத்திதாம்மா வேணும்."

வாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முக்காட்டைத் தள்ளினேன். மேலே பார்த்து நெற்றியைச் சுருக்கச் சொன்னார். சுருக்கினேன். வலது பக்கம் கோடு விழுவது எனக்கே தெரிந்தது. இடது பக்கம் பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன். ஒன்றும் நடக்கவில்லை. நெற்றியும் போய்விட்டது, இனி கைதான் பாக்கி என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து டாக்டர் சிரித்தார். அவரை அறையலாம் போலிருந்தது.

"மூளையில அடைப்புன்னா பொதுவா நெத்தி சுருங்கும், வாய் மட்டும் கோணும். உனக்கு நெத்தியும் சுருங்கல. காதுக்குப் பின்னால வர்ற மொகத்து நரம்பு மட்டும் வீங்கியிருக்கு. இது கைக்கும் வராது, காலுக்கும் வராது. கொஞ்ச நாள்ல மொகம் திரும்பிடும்."

மாமி ஏதேதோ ஓதி என் தலையில் ஊதினார். மாத்திரையும், கண்ணை மூடிக் கட்டத் துணியும் கொடுத்தார்கள்.

ஸ்டேஷனில் பிள்ளை பசித்து அழுதது. முகம் கோணிய பிறகு முதல் முறையாக மாமி அவளை என்னிடம் நீட்டினார். "இந்தா, உம்புள்ள. தூக்கு."

என் கைகள் மடியிலேயே கிடந்தன. டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது. ஆனாலும் தூக்க முடியவில்லை.

மாமியின் முகம் வெளுத்தது. "யா அல்லா, கை வரலியா?" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"வருது மாமி" என்றேன். விரலை மடக்கிக் காட்டினேன். "பயமா இருக்கு. போட்டுடுவேன்."

மாமி பிள்ளையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.