இரண்டாவது கொக்கி

ஜாஸ்மி கப்பலிலிருந்து விடுமுறைக்கு வந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. இந்த ஐந்து வாரத்தில் அவள் அம்மா நேசபாய் ஒன்றைக் கவனித்துவிட்டாள். மகள் கேஸ் சிலிண்டரின் குமிழை மூடினால் அதோடு விடுவதில்லை. அடுக்களை வாசல்வரை போய்த் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள். முற்றத்தில் செருப்பை மாட்டியவள் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே போவாள்.

“ஏட்டி, அது சிலிண்டரா, தொட்டில் பிள்ளையா? அஞ்சு தரம் போய்ப் பாக்குதியே.”

“சும்மாதாம்மா.”

“சும்மா இல்ல. உனக்க மனசுல என்னமோ கெடக்கு. ஆரையாவது பாத்து வச்சிருக்கியா? சொல்லு மக்களே, அப்பாட்ட நான் பேசுதேன்.”

“ஆரும் இல்லம்மா. இருந்தா நானே பேச மாட்டேனா?”

நேசபாய் நம்பவில்லை. கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பால் வெட்டுகிறவள். மழை பெய்தால் வெட்டு இல்லை. அந்த டிசம்பரில் மழை விடாமல் பெய்ததால் மகளைக் கவனிக்க அவளுக்கு நேரம் நிறையக் கிடைத்தது.

ஜாஸ்மியின் மனத்தில் கிடந்தது கம்பெனியிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல். ஜனவரி ஆறாம் தேதி கப்பலில் சேர வேண்டும், சம்மதமா என்பதைத் திங்கட்கிழமைக்குள் தெரிவிக்கவும் என்று நான்கே வரி. சம்மதம் என்ற ஒரு சொல்லை எழுத அவளால் முடியவில்லை.

கப்பல் வேலை என்றால் ஊரில் எல்லோருக்கும் சமையலறையோ அறை துடைப்பதோதான். ஜாஸ்மியின் வேலையைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பேச்சிப்பாறை அணைக் கால்வாயில் நீந்தப் பழகியவள் அவள். நாகர்கோவிலில் உடற்கல்வி படித்தாள், ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில் இரண்டு வருடம் வேலைக்கு நின்றாள், அங்கிருந்து திருவனந்தபுரத்து ஏஜென்சி வழியாகக் கப்பலேறினாள். ஐயாயிரம் பேர் போகும் உல்லாசக் கப்பல். அதன் மேல்தளத்தில் பத்து மாடி உயரச் சறுக்குக் குழாய்கள், செயற்கை அலையில் பலகைமேல் நின்று விளையாடும் குளம், பாறை ஏறும் சுவர். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரும்புக் கம்பி. இடுப்பு வாரில் மனிதரைத் தொங்கவிட்டு அதில் வழுக்கிப் போகவிடுவார்கள். கீழே ஒன்பது தளம் ஆழத்தில் மக்கள் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். எட்டே விநாடிதான், அந்தப் பக்கம் சேர்ந்துவிடலாம்.

புறப்படும் மேடையில் நின்று ஆட்களை மாட்டிவிடுவது ஜாஸ்மியின் வேலை. ஆளுக்கு இரண்டு கொக்கி. முன்னால் உள்ளது பாரத்தைத் தாங்கும். முதுகுப் பக்கம் உள்ளது, முதலாவது அறுந்தால் பிடிக்கும். ஒருவர் மாட்ட வேண்டும், இன்னொருவர் தொட்டுப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேடையில் ஒருவர்தான் நிற்கிறார் என்றால் யாரையும் விடக் கூடாது. அது விதி.

அக்டோபரில் ஒரு நாள் காற்று ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் கம்பியை மூடச் சொல்லியிருந்தார்கள். வரிசையில் நாற்பது பேர். மேடையேறிய ஒரு சிறுமி பயந்து அழ, கூட நின்ற பெண் அவளைப் படியிறக்கி விடப் போனாள். அடுத்து நின்ற அம்மாளுக்கு அன்று பிறந்தநாள். ‘எனக்கு இன்று அறுபது’ என்று எழுதிய மஞ்சள் சட்டை. பின்னால் நின்ற பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜாஸ்மி மாட்டினாள், விட்டாள்.

அந்த அம்மாள் கூவிக்கொண்டே போன பிறகுதான் கேட்டது அந்தக் கேள்வி. முதுகுக் கொக்கியை மாட்டினேனா?

கைக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாளில் முந்நூறு பேருக்கு மாட்டும் கை அது. அந்த எட்டு விநாடியும் அவள் கம்பியையே பார்த்து நின்றாள். எதிர் மேடையில் ரோமல் என்ற பிலிப்பைன்ஸ்காரன் அம்மாளை இறக்கிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவன் எல்லோருக்கும் காட்டுகிற விரல்தான்.

சந்தேகம் வந்தால் கம்பியை அடைத்துவிட்டு ரேடியோவில் சொல்ல வேண்டும். ஜாஸ்மி சொல்லவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவரை அருகே அழைத்தாள். மாலையில் சரிபார்ப்புத் தாளில் எல்லாக் கட்டத்திலும் சரிக்குறி போட்டுக் கையெழுத்திட்டாள். ரோமலிடமும் கேட்கவில்லை. கேட்பதும் சொல்வதும் ஒன்றுதானே.

அதன் பிறகு மூன்று வாரம் வேலை செய்தாள். ஒவ்வொருவரையும் நான்கு தரம் தொட்டாள். வரிசை முணுமுணுத்தது. இரவில் கண்ணை மூடினால் மஞ்சள் சட்டை வந்தது. இந்தக் கைகளை நம்பி இன்னும் எட்டு மாதம் அந்த மேடையில் நிற்க முடியுமா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

சனிக்கிழமை காலை ஜெப்சன் வந்தான். ஜாஸ்மியோடு ஞாயிறு பள்ளியில் படித்தவன். இப்போது சபை வாலிபர் சங்கத்தின் செயலாளர்.

“ஏட்டி கப்பல்காரி, கோவிலுக்கு வா. ஸ்டார் கெட்டணும்.”

“அதுக்கு நான் எதுக்குலே?”

“போன வருஷம் கோபுரத்துல நான் கால் வழுக்கி முட்டு உரிஞ்சதுல்லா? பெல்ட் இல்லாம ஆரும் ஏறப்பிடாதுன்னு கமிட்டியில சொல்லியாச்சு. செல்போன் டவருக்கு பெயின்ட் அடிக்குத ராஜையன் அண்ணனுக்க பெல்ட்ட வாங்கி வச்சிருக்கேன். மாட்டத்தான் ஒருத்தனுக்கும் தெரியல. எனக்க கழுத்துல மாட்டிப் பாத்தானுவ.”

முடியாது என்று சொல்ல ஜாஸ்மி வாயெடுத்தாள். அதற்குள் நேசபாய் அடுக்களையிலிருந்து, “போயிட்டு வா மக்களே, வீட்டுல இருந்தா சிலிண்டரத்தான் நோண்டுவ” என்று அனுப்பிவிட்டாள்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எட்டடி உயரம். மூங்கில் சட்டத்தில் வெள்ளைத் துணி, உள்ளே விளக்குச் சரம். பக்கத்து ஊர்ச் சபையின் நட்சத்திரம் ஏழடி என்று உளவு பார்த்துவிட்டுச் செய்தது. கீழே நின்று ஆறு பேர் கயிற்றால் இழுத்து ஏற்றுவார்கள். மேலே ஒருவன் மணிக்கூண்டின் சன்னல் வழியே வெளியே இறங்கி, கையகல விளிம்பில் நின்று, அதைச் சுவரில் பதித்த கொக்கியில் கோர்க்க வேண்டும். கீழே முப்பதடி. சிமென்ட் தரை.

மணிக்கூண்டுக்குள் ஜாஸ்மி பெல்ட்டை ஜெப்சனுக்கு அணிவித்தாள். இதிலும் கொக்கி இரண்டு. ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில். இரண்டின் கயிறும் மணி தொங்கும் இரும்புச் சட்டத்தில் கட்டியிருந்தது. கொக்கியின் வாயை மூடிவிட்டுத் திருகையும் முறுக்க வேண்டும். நெஞ்சுக் கொக்கியை முறுக்கினாள். முதுகுப் பக்கம் போனாள். தொட்டாள். மறுபடியும் தொட்டாள்.

“இக்கிளி காட்டாதட்டி” என்று ஜெப்சன் கூச்சத்தில் நெளிந்தான்.

அப்போது தூறல் விழுந்தது. கீழிருந்து யாரோ ஒரு மழைக்கோட்டைச் சுருட்டி எறிந்தார்கள். ஜெப்சன் அதை பெல்ட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, அவள் ஒன்று சொல்வதற்குள் சன்னலைத் தாண்டி விளிம்பில் இறங்கிவிட்டான். கீழே “ஏலேலோ” என்று இழுக்கத் தொடங்கினார்கள். நட்சத்திரம் ஆடி ஆடி ஏறியது.

ஜாஸ்மி சன்னலோரம் போய் எட்டிப் பார்த்தாள். தொட்டது நினைவிருக்கிறது. முறுக்கினேனா?

கோட்டு மூடிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. கயிற்றைச் சுண்டிப் பார்க்கலாம். விளிம்பில் நிற்பவனைச் சுண்டுவதா? நட்சத்திரம் பாதிக்குமேல் வந்துவிட்டது. ஜெப்சன் அதைப் பிடிக்க ஒரு கையைச் சன்னலிலிருந்து எடுத்தான். முற்றத்தில் ஐம்பது பேராவது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணினால் எட்டு விநாடிதான், கோர்த்துவிடுவான். உள்ளே வந்துவிடுவான்.

“லேய் ஜெப்சா, உள்ள வா!”

“என்னட்டி?”

“உள்ள வாலே. பெல்ட்ட பாக்கணும்.”

“எல்லாம் இருக்குட்டி. ஸ்டாரு இன்னா வந்தாச்சு, பாத்தியா.”

“கையெடுக்காத! ரெண்டு கையாலயும் சன்னலப் பிடிச்சுட்டு உள்ள வா!” தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. கீழே இழுத்தவர்கள் அப்படியே நின்றார்கள். நட்சத்திரம் நடுவானில் சுழன்றது.

ஜெப்சன் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே ஏறினான். ஜாஸ்மி கோட்டைத் தூக்கினாள். முதுகுக் கொக்கி இருந்தது. வாய் மூடியிருந்தது. திருகு நன்றாக முறுக்கியிருந்தது.

“இப்பம் சமாதானமா?”

“ம். இப்பம் போ.”

“எனக்க அம்மை கூட இப்படி நோக்கினதில்ல கேட்டியா” என்றான் அவன். முன்பே சொல்லாமல் கோட்டு போட்டதற்கு மன்னிப்பும் கேட்டான், கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

கீழே ஒரே சிரிப்பு. “கப்பல்காரி நட்சத்திரத்தையே நிறுத்திப்போட்டாளே!” என்று ஒருவன். “பாலனத் தேடிப் போற வானசாஸ்திரிமாரு வழி தெரியாம நிப்பாங்கட்டி” என்று இன்னொருவன். கயிற்றைப் பிடித்து நின்றவர்கள் உள்ளங்கையை ஊதிக்கொண்டு திட்டினார்கள். ஜாஸ்மி முகம் சிவந்து நின்றாள். நட்சத்திரம் கோர்த்தாயிற்று, பால் விடாத கட்டஞ்சாயா வந்தது, சுனிதா அக்கா கொண்டுவந்த அச்சுமுறுக்குத் தட்டும் வந்தது. முறுக்கு தீர்வதற்குள் பேச்சு ஒலிபெருக்கி வாடகைக்குப் போய்விட்டது. அவளைப் பற்றி யாரும் பேசவில்லை.

இவ்வளவுதானா என்று நினைத்தாள். இந்தச் சிரிப்புக்கா அன்று பயந்தேன்?

வீட்டுக்கு வந்ததும் ரோமலுக்குச் செய்தி எழுதினாள். அக்டோபரில் மஞ்சள் சட்டை போட்ட அறுபது வயது அம்மாள் ஒருவர் வந்தாரே, அவருடைய இரண்டாவது கொக்கி மாட்டியிருந்ததா? அவனும் அப்போது தன் ஊரில் விடுமுறையில் இருந்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. எந்த அம்மாள்?

எட்டு வாரமாகத் தினமும் அவள் கண்முன் வந்த மஞ்சள் சட்டை ரோமலுக்கு ஞாபகமே இல்லை. இனி அதை அறிய வழியில்லை. ஜாஸ்மி கட்டிலில் உட்கார்ந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் எழுதினாள். சம்மதம் என்ற சொல்லை எழுதவில்லை. அன்று மேடையில் தனியாக நின்றதை, ஆளை விட்டதை, சந்தேகம் வந்தும் அடைக்காததை, தாளில் சரிக்குறி போட்டதை எழுதினாள். வேலைக்கு வர விருப்பம்தான், எடுப்பீர்களா என்பது உங்கள் முடிவு என்று முடித்தாள். அனுப்பும்முன் நான்கு தரம் படித்தாள். பிறகு அம்மாவிடமும் சொன்னாள்.

“அந்த அம்மா உயிரோட போச்சுல்லா?” என்றாள் நேசபாய்.

“போச்சு.”

“இதத்தான் சிலிண்டர்ல தேடினியா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அடுக்களையில் பாத்திரம் உருட்டும் சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது.

திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. போன் அதிரும்போதெல்லாம் ஜாஸ்மி ஓடிப் போய் எடுத்தாள். பெரும்பாலும் அது வாலிபர் சங்கக் குழு. நட்சத்திரத்தின் புதுப்புதுப் படங்கள்.

புதன் மதியம் பதில் வந்தது. சொன்னதற்கு நன்றி. விதி மீறியதற்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. ஜனவரி ஆறுக்குப் பதில் இருபதாம் தேதி சேரவும். பயிற்சியை முதலிலிருந்து எடுத்துத் தேறும்வரை கம்பி மேடை கிடையாது. அதுவரை அதே தளத்திலுள்ள குட்டி கோல்ஃப் திடலில், பந்தும் மட்டையும் எடுத்துக் கொடுக்கும் வேலை.

“நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?” என்றாள் நேசபாய்.

“தெரியலம்மா. பந்து பொறுக்கணும்.”

“பந்து விழுந்தா ஆரும் சாவ மாட்டாங்கல்லா?”

“மாட்டாங்க.”

“அப்பம் சம்மதம்னு எழுது.”

ஜாஸ்மி எழுதினாள். பயிற்சியில் தேறுவாளா, அந்த மேடை மறுபடியும் கிடைக்குமா என்பது தெரியாது. அடுத்த ஞாயிறு கோவில் முற்றத்தில் நேசபாய் சுனிதாவிடம், மகளை கோல்ஃபுக்கு உயர்த்திவிட்டார்கள் என்று சொல்வது ஜாஸ்மியின் காதில் விழுந்தது. அதைத் திருத்தவில்லை. தலைக்குமேல் காற்றில் நட்சத்திரம் கிறீச்சிட்டது. ஜாஸ்மி அண்ணாந்து அது தொங்கும் கொக்கியைப் பார்த்தாள், பிறகு ஜெப்சனைத் தேடிப் போய் அவனையும் ஒரு தரம் பார்க்கச் சொன்னாள்.