மஞ்சள் பால்

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம், தன் வீட்டு முன்னறையில் பார்லர் நடத்தினார் அந்தப் பெண்மணி. ஒடிசலான உடம்பு, மூக்கு நுனிவரை இறங்கிய கண்ணாடி. சோற்றுக் கற்றாழையை வெட்டி, மஞ்சள் பால் வடியும்வரை கிண்ணத்தில் நிமிர்த்தி வைப்பார். பிறகு உள்ளிருக்கும் சோற்றை வழித்து, முதலில் தன் முழங்கை மடிப்பில் தடவிக்கொண்டு காத்திருப்பார்.

"என் மூஞ்சிக்குப் போடறதை ஏன் உங்க கையில பாக்கறீங்க?" என்றேன்.

"ஒரு கல்யாணப் பொண்ணு வந்துச்சுக்கா. ரிசப்ஷனுக்கு லேட்டாவுதுன்னு, பால் வடியறதுக்குள்ள தடவிட்டேன். போட்டோ பூரா கன்னம் திட்டுத் திட்டா செவந்திருக்கும்."

"திட்டினாளா?"

"திட்டியிருந்தா பரவால்லையே. இன்னிக்கும் எங்கிட்டதான் வருது. ஆனா புருவம் மட்டும்தான். கன்னத்துல கை வைக்க விடாது."

என் முகத்தில் தடவினார். சற்று நேரத்தில் இடது கன்னம் அரிக்கத் தொடங்கியது.

"எரியலையேக்கா?"

"இல்லம்மா, ஜில்லுனு இருக்கு."

அவர் முகம் தெளிந்தது. நான் துப்பட்டாவால் கன்னத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த மாதம் போனபோது, "புருவம் மட்டும் போதும்" என்றேன்.

நூலைக் கையில் எடுத்தவர், என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.