வெளியாள் இல்லை

2008இல் என் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை நான், வீடு கடலூரில். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பஸ் ஏறிப் போய் வகுப்பெடுத்தேன்.

தன் சிறுநீரகத்தைத் தருவதாக என் கணவர் சொன்ன மறுநாளே அவருடைய அக்கா ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

"புருஷனுக்குப் பொண்டாட்டி குடுக்கறது ஊர்ல நடக்கறதுதான். பொண்டாட்டிக்குப் போயி ஆம்பள குடுப்பானா? நாளைக்கு அவன் படுத்துட்டா?"

"நான் படுத்துக் கெடந்தா மட்டும் பரவால்லியா அண்ணி?" என்றேன்.

அண்ணி தன் தம்பியைப் பார்த்தார். "குடுக்கறது நானு. நீ காப்பி குடிச்சிட்டுக் கெளம்புக்கா" என்றார் என் கணவர். அண்ணி காப்பியைத் தொடாமலே போனார்.

வெளிமாநில மருத்துவமனை ஒன்றில் டாக்டர் விளக்கினார். மாற்றிவைத்த உறுப்பை உடம்பு வெளியாளாகப் பார்த்துத் தாக்கும். அதைத் தடுக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அந்த மாத்திரையே நோய்த்தொற்றுக்குக் கதவைத் திறக்கும். அதனால், என் கணவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை எனக்குள் செலுத்தி, அவருடைய சிறுநீரகத்தைத் தன்னுடையதாக ஏற்க என் உடம்பைப் பழக்கப் பார்க்கிறார்கள். இன்னும் ஆராய்ச்சிதான், உறுதி தர முடியாது என்றார்.

என் தம்பி போனில் கத்தினான். "எலியாட்டம் ஒன்ன வச்சி சோதிக்கப் போறாங்கக்கா!"

"எலிகிட்ட யாரும் கேக்கறதில்லடா. என்கிட்ட கேட்டாங்க. நான்தான் சரின்னேன்."

என் கணவரின் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் கட்டிலருகே வந்து நின்றார். அவருடைய செல்கள் சிறு பையிலிருந்து என் ரத்தக் குழாய்க்குள் இறங்குவதை இருவரும் பார்த்தோம். பிறகு அறுவை சிகிச்சை நடந்தது.

ஊர் திரும்பிய பிறகு மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒரு முறை என் உடம்பு முரண்டு பிடித்தது. சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியது. "அப்பவே சொன்னேன்" என்று அண்ணி ஊரெல்லாம் சொன்னார். மருந்தைக் கூட்டியதும் அடங்கியது. மறுபடி குறைக்கலாமா என்று டாக்டர் தயங்கியபோது, "குறைங்க" என்றேன். பயமில்லாமல் இல்லை.

மாத்திரை முழுதாக நிற்கவில்லை. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட மற்றவர்களைவிட மிகக் குறைந்த அளவில் ஒன்று மட்டும் தொடர்கிறது. அண்ணி அதைத் தோல்வி என்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

பள்ளிக்குத் திரும்பியதும் தலைமையாசிரியை, "ஆபீஸ்லயே ஒக்காந்துக்குங்க டீச்சர், எதுக்கு ரிஸ்க்?" என்றார்.

முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு எந்த கிளாஸ் மேடம்?" என்று கேட்டேன்.