இரும்புச் சாமான் கடையின் துருத்தி

எங்கள் ஊர்ச் சங்கம் லண்டனில் ஒரு மலர் வெளியிட்டது. ஊரில் இருந்த தொழில்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் கொல்லரான அப்பாவின் கம்மாலையைப் பற்றி எழுதினேன். இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் முதல் கட்டடம் அது. எங்கள் பக்கத்துக்குப் புது இரும்பு வர விடமாட்டார்கள். உடைந்த லொறிகளின் வில்தகடுகளை உலையில் காய்ச்சி அப்பா மண்வெட்டி அடித்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஷிப்ட் முடிந்து வரும் பின்னேரங்களில், லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் பந்தி பந்தியாக அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“பிழை. உலை வாசலுக்கு நேர இல்லை, இடப்பக்கம்,” என்பார். “துருத்தி ஊதினது உன்ர அம்மா. அதையும் போடு.”

போட்டேன்.

வெம்பிளி மண்டபத்தில் நடந்த வெளியீட்டு விழாவில் மலர் கைக்கு வந்தது. கம்மாலை என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் இரும்புச் சாமான் கடை என்று இருந்தது. மற்றதெல்லாம் நான் எழுதியபடியே. கடைக்குள் உலை எரிந்தது. அம்மா துருத்தி ஊதிக்கொண்டிருந்தார்.

மலரின் ஆசிரியரிடம் போனேன். “அண்ணை, இதை ஏன் மாத்தினீங்கள்?”

“மாத்தினது நான்தான் தம்பி. கேட்டது உங்கட அப்பா. மூண்டு தரம் போன் எடுத்தவர்.”

அப்பா முன்வரிசையில் இருந்தார். மடியில் ஐந்து மலர்.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன்.

“அக்காவுக்குக் கலியாணப் பேச்சு வந்திருக்கு. அவையள் சாதி பாக்கிற ஆக்கள்,” என்றார்.

“அப்ப ஏன் உலை எந்தப் பக்கம் எண்டு திருத்தினீங்கள்?”

“அது உனக்கெண்டு சொன்னது. ஊருக்கெண்டே சொன்னனான்?”

மாற்றச் சொன்னதைவிட, நான் வாசிக்க வாசிக்கத் தலையாட்டிக்கொண்டு இருந்தாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா மலரை நீட்டி, “மகன் எழுதினது,” என்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

“நல்லா எழுதியிருக்கிறீர் தம்பி. இரும்புச் சாமான் கடையில துருத்தி என்னத்துக்கு?”

அம்மா தேத்தண்ணித் தட்டோடு நின்றார். அக்கா நிலத்தைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

“அச்சுப் பிழை,” என்றேன்.

“ஓம், அச்சில கனக்கப் பிழை,” என்றார் அப்பா.

அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார்.