நைட்டிக்குள் ஒரு நீச்சல் உடை

ஒவ்வொரு சீசனிலும் அருவிக்குள் நெஞ்சோடு கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். எனக்குக் கனத்த மார்பு. தண்ணீர் அடிக்கிற அடி அப்படி.

இன்று மதினி என்னைத் தென்காசிக் கடைக்கு இழுத்துப்போய் நீச்சல் உடை எடுக்கவைத்தாள். எனக்கு அகலப் பட்டையும் கப்பும் வைத்தது. இடுப்பு பெருத்த அவளுக்குக் குட்டிப் பாவாடை வைத்தது.

“ஏட்டி, அருவில நிக்குத மாதிரி குனிஞ்சு குதிச்சுப் பாரு!”

டிரயல் ரூமில் குதித்தேன். எதுவும் அசையவில்லை. கண்ணாடியில் என்னை எனக்கே பிடித்துப்போனது.

குற்றாலம் வந்ததும் இருவரும் அதற்குமேல் நைட்டியை மாட்டிக்கொண்டோம்.

“இதுக்கா மதினி, இவ்வளவு பாத்துப் பாத்து எடுத்தோம்?”

“நமக்குத் தெரியும்லா, போதும்.”

இன்று மெயினருவியில் இரண்டு கையையும் தூக்கிக் கூச்சல் போட்ட பூப்போட்ட நைட்டி நான்தான்.

இன்னும் கைகட்டி நிற்கும் நைட்டிகள் கமெண்டுக்கு வரவும்.