ஒரு சேலை, இரண்டு தாவணி

ஏலக்காய் பொறுக்கிய விரலை எத்தனை தண்ணீரில் கழுவினாலும் வாசம் போகாது. போடி கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரர் நாங்கள் துணியைத் தொடும் முன்பே, "காய் பொறுக்குற பிள்ளைகளா, வாங்க ஆத்தா" என்பார். ஐம்பதுகளில் ஒரு வருஷம் காய் விலை விழுந்தது. மலை மெட்டிலிருந்து மூட்டை இறங்குவது குறைந்து, தரம் பிரித்துப் பொறுக்கும் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் சோலி. அதுவரை தீபாவளிக்குப் பாவாடை, தாவணி, ரவிக்கை என்று கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த குமரிகள், தாவணி மட்டும் போதும் என்று இறங்கி வந்தோம். அதற்கும் கைக்காசு எட்டவில்லை. எனக்கோ இருந்த ஒரே தாவணி நைந்து, தோளில் நிற்கவில்லை. புதுசு இல்லாமல் தீபாவளியன்று வாசற்படி தாண்டுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் பேச்சிதான் வழி சொன்னாள்: "ஒத்தச் சேலைய வாங்கி ரெண்டாக் கிழிப்போம்டி." இரண்டு தாவணி எடுப்பதைவிட அது மலிவு. கடையில் நான் பார்த்து எடுத்தது பச்சை நூல்சேலை, முந்தியில் மட்டும் அரக்குக் கட்டம். கத்தரியைக் கையில் எடுத்த கடைக்காரர் கேட்டார்: "முந்தி யாருக்கு ஆத்தா?"

அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

"யோசனை சொன்னவ நான்" என்றாள் பேச்சி.

"சேலையப் பாத்து எடுத்தவ நான்" என்றேன்.

"அப்ப நீயே ரெண்டையும் சுத்திக்கிட்டுத் திரி, மகாராணி!" என்று கடையை விட்டு இறங்கிவிட்டாள்.

அவள் பங்குக் காசு இல்லாமல் சேலை இல்லை. ஆனாலும் முந்தியில்லாத மொட்டைத் துண்டைக் கட்டிக்கொள்ள எனக்கும் மனசில்லை. சேலையையே பார்த்துக்கொண்டு நின்றவள் சொன்னேன்: "அண்ணே, முந்திய மட்டும் தனியா வெட்டுங்க. ரெண்டு ரவிக்கை தேறும்ல?"

அவர் முழம் போட்டார். "ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கீக, கையைக் குட்டையா வச்சாத் தேறும்."

தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவளைக் கைதட்டிக் கூப்பிட்டேன்: "ஏ பேச்சி, வெரசா வாடி! ஒனக்கும் முந்தி, எனக்கும் முந்தி."

தீபாவளியன்று பச்சைத் தாவணியும் அரக்குக் கட்டம் போட்ட ரவிக்கையுமாக இருவரும் கடைத்தெருவில் நடந்தோம். சேர்த்தே நெய்தாற்போல அத்தனை எடுப்பு! அடுத்து வந்த பொங்கலுக்கு, காய் பொறுக்குகிற பெண்கள் எல்லாரும் இரண்டிரண்டு பேராய்த்தான் துணிக்கடை ஏறினார்கள். தனியாகப் போனவளிடம், "ஜோடி எங்க ஆத்தா?" என்று கடைக்காரர் கேட்பார்.

காய் விலை ஏறியதும் அந்தப் பழக்கம் போனது; பின்னால் அந்தக் கடையும் போனது. இன்று எங்கள் வீட்டுப் பெண்கள் தனித்தனியே போய், பிடித்ததை எடுத்து, ஆளுக்கொரு பையோடு திரும்புகிறார்கள். நன்றாக உடுத்தட்டும். சண்டை போட்டுக்கொண்டாவது சேர்ந்து எடுக்க ஒருத்தி வேண்டும் என்கிற தேவைதான் அவர்களுக்கு இல்லை.